கொயருக்கு திருப்பலியில உண்மையிலேயே என்ன வேலை? ஃபாதரோட சண்டைக்கு போறதுக்கு முன்னாடி ஒருதடவ படிங்க

நீங்க கேட்டதை சுருக்கமா சொல்லிடறேன், மத்தவங்களுக்கும் புரியும். உங்க பங்குக்கு புதுசா வந்த ஃபாதர் அஞ்சு விஷயம் சொல்லிட்டார். சமாதானப் பாட்டு வேண்டாம், தியானப் பாட்டுக்கு பதிலா அன்னிக்குள்ள பதிலுரைப் பாடல்தான் பாடணும், எழுந்தேற்றத்தப்போ (குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டுற நேரம்) கீபோர்டு சத்தமே வரக்கூடாது, சினிமா மெட்டு கூடாது, ரிதம் பேடை (எலக்ட்ரானிக் டிரம்) கோவிலுக்குள்ள கொண்டு வரவே கூடாது. கொயர்ல பாதிப்பேர் கோவிச்சுக்கிட்டு வர்றதில்ல. இது திருச்சபை சட்டமா இல்ல அவரோட சொந்த ரசனையா, கொயர்னா சும்மா அலங்காரம்தானான்னு கேட்டிருக்கீங்க.

முதல் மூணும் தெளிவான விதி, அதுல வாதம் பண்ண இடமில்ல. சினிமா மெட்டுக்கு அப்படி நேரடியா ஒரு வரி சட்டம் கிடையாது ஆனா ஃபாதர் பக்கம்தான் நியாயம். ரிதம் பேட் மட்டும் அவரோட ரசனை, அதுல நீங்க உட்கார்ந்து பேசலாம். கடைசி கேள்விக்கு, இல்ல, கொயர் அலங்காரம் இல்லவே இல்ல. 1963 டிசம்பர் 4 அன்னிக்கு வந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோட திருவழிபாட்டு ஏடு, பீடச்சிறுவர், வாசகர், பாடகர் குழு எல்லாருமே உண்மையான வழிபாட்டுப் பணி செய்றவங்கன்னு 29ஆம் எண்ல சொல்லுது. ஆனா அதுக்கு முந்தின எண்ணையும் சேர்த்து படிக்கணும், அவங்கவங்க தன் பங்கை முழுசா செய்யணும், அதை மட்டும்தான் செய்யணும்னு இருக்கு. நம்ம பிரச்சனை பூரா அந்த "மட்டும்"லதான்.

இப்போ சாதாரணமா ஒரு ஞாயிறு நம்ம பங்குகள்ல என்ன நடக்குதுன்னு பாருங்க. வருகைப் பாடல் ரெண்டு மூணு சரணம், பின்னணி இசையோட. காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல் ரெண்டு, நன்றிப் பாடல், கடைசியில மாதா பாட்டு. கொயர் பிராக்டிஸ்ல நாம உசுரை விடுறதெல்லாம் இந்த பாட்டுகளுக்குத்தான். ஆனா "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக"ங்கறதை சாமியார் வெறுமனே சொல்வார், ஜனங்க வெறுமனே பதில் சொல்வாங்க. "தூயவர், தூயவர்"னு வர்ற கீதம் சில வாரம் பாட்டு, சில வாரம் பேச்சு. பரலோக மந்திரம் பேச்சு. பதிலுரை சங்கீதத்தை ஒரு பொண்ணு வேகமா வாசிச்சுட்டு போயிரும்.

1967 மார்ச் 5ல உரோமைல இருந்து மூசிக்காம் சாக்ரம்னு ஒரு அறிவுரை வந்துச்சு, சங்கம் சொன்னதை நடைமுறைப்படுத்த. அதுல திருப்பலியில எதை முதல்ல பாடணும், எதை அப்புறம் சேர்க்கணும்னு மூணு படி போட்டிருக்காங்க. முதல் படி குருவும் மக்களும் மாறி மாறி சொல்ற வாழ்த்து, ஜெபங்கள், நற்செய்திக்கு முன்னாடி பின்னாடி வர்ற வாழ்த்தொலி, நற்கருணை மன்றாட்டு ஆரம்பத்துல வர்ற தொடக்கவுரை உரையாடல், தூயவர், பரலோக மந்திரம், இதெல்லாம். ரெண்டாவது படி ஆண்டவரே இரக்கமாயிரும், உன்னதங்களிலே, "உலகின் பாவம் போக்கும் செம்மறி", விசுவாசப் பிரமாணம். வருகை, காணிக்கை, திருவிருந்துப் பாடல்கள் எல்லாம் மூணாவது படி! முதல் படி இல்லாம ரெண்டாவது மூணாவது கூடாதுன்னு வேற சொல்லியிருக்கு. நாம செய்றது அப்படியே தலைகீழ். மூணாவது படிய கச்சேரி லெவல்ல பண்ணிட்டு முதல் படிய தொடுறதே இல்ல, இதுல கொயர் மேல மட்டும் பழி போட முடியாது, பாடவே மாட்டேன்னு உட்கார்ந்திருக்கிற குருக்களும்தான் காரணம். உங்க ஃபாதர் இவ்வளவு சட்டம் பேசுறார்னா, தொடக்கவுரையை அவர் பாடுறாரான்னு மரியாதையா ஒரு வார்த்தை கேளுங்க.

இந்த வரிசை ஏன் இப்படின்னா, திருப்பலியே குருவும் கூட்டமும் மாறி மாறி பேசிக்கிற மாதிரிதான் அமைஞ்சிருக்கு. அந்த பேச்சை ராகத்துல தூக்கிவிடுறதுதான் முதல் வேலை. பாட்டு அந்த சடங்கோட உடம்பு, மேல போர்த்துற சால்வை இல்ல. அதனாலதான் சங்கம் 112ஆம் எண்ல இசையை சிறப்பு வழிபாட்டோட பிரிக்க முடியாத பகுதின்னு சொல்லுது, ஓவியம், சிற்பம் இதையெல்லாம் விட ஒரு படி மேலயே வைக்குது, ஏன்னா பாட்டு வழிபாட்டு வார்த்தையோடயே கலந்து போயிருது.

இப்போ ஃபாதர் சொன்ன ஒவ்வொண்ணா வர்றேன்.

சமாதானப் பாட்டு. இது நம்ம ஊர்ல ரொம்ப ஆழமா வேர்விட்ட பழக்கம், கைகூப்பி வணக்கம் சொல்லிக்கிட்டே எல்லாரும் பாடுவாங்க, குழந்தைங்களுக்கு பூசையிலயே பிடிச்ச இடம் அதுதான். ஆனா 2014 ஜூன்ல உரோமையோட வழிபாட்டுப் பேராயம் ஒரு சுற்றறிக்கை விட்டு, சமாதானப் பாட்டுன்னு ஒண்ணு உரோமை வழிபாட்டுமுறையிலேயே கிடையாது, அதை தவிர்க்கணும்னு நேராவே சொல்லிடுச்சு. காரணம், சமாதானம் பகிர கொஞ்ச நேரம்தான் ஒதுக்கியிருக்கு. உடனே அப்பம் பிட்கிற சடங்கு வருது, அதுக்குண்டான பாட்டு செம்மறிதான். நாம சமாதானப் பாட்டை ரெண்டு சரணம் இழுக்க, ஃபாதர் அப்பத்தை பிட்டு முடிச்சு காத்துக்கிட்டு நிக்க, அப்புறம் செம்மறியை அவசர அவசரமா சொல்லி முடிக்கறோம். எனக்கும் அந்த பாட்டுகள் பிடிக்கும், பொய் சொல்லல, ஆனா இதுல ஃபாதர் சொல்றது சரி.

எழுந்தேற்றம். நற்கருணை மன்றாட்டு குரு சொல்லும்போது கீபோர்டுல ஸ்ட்ரிங்ஸ் சவுண்டை வச்சுக்கிட்டு மெல்ல ஒரு கார்டை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருப்பாங்க, டிவி சீரியல்ல அழுகை சீனுக்கு போடுற மாதிரி. பக்தியா இருக்குன்னு நெனச்சுதான் செய்றாங்க. ஆனா திருப்பலி புத்தகத்தோட பொது விதிமுறைகள் 32ஆம் எண், குரு தனக்குரிய மன்றாட்டை சொல்லும்போது வேற ஜெபமோ பாட்டோ இருக்கக்கூடாது, ஆர்கனும் மத்த வாத்தியமும் மௌனமா இருக்கணும்னு சொல்லுது. கீபோர்டு வாசிக்கிற பையனுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க, அவனைத் திட்டாதீங்க. எங்க வாசிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சவன்தான் நல்ல கோவில் வாத்தியக்காரன்.

அப்படியே தவக்காலத்தையும் சொல்லிடறேன். தவக்காலத்துல வாத்தியம் பாட்டுக்கு துணையா மட்டும்தான், தனியா வாசிக்கக் கூடாது. விதிவிலக்கு நாலாவது ஞாயிறு, அப்புறம் பெருவிழா, விழா நாட்கள். மார்ச் 19 சூசையப்பர், மார்ச் 25 மங்கள வார்த்தை ரெண்டும் பெருவிழா, தவக்காலம்னு சொல்லி அன்னிக்கு உன்னதங்களிலே பாடாம விட்டுட்டா தப்பு, அன்னிக்கு பாடணும், ஆனா அல்லேலூயா மட்டும் அன்னிக்கும் கிடையாது. பெரிய வியாழன் உன்னதங்களிலே பாடும்போது மணி அடிச்சு நிறுத்தினா பாஸ்கா திருவிழிப்புல உன்னதங்களிலே வரைக்கும் மணி இல்ல, வாத்தியம் இருந்தாலும் பாட்டைத் தாங்க மட்டும்தான். இந்த ரெண்டு நாள் வறட்சியை ஒழுங்கா கடைபிடிச்ச கோவில்ல, சனி ராத்திரி அந்த உன்னதங்களிலே வெடிக்கும்போது வர்ற சிலிர்ப்பு வேற எதுலயும் வராது.

அடுத்து பதிலுரைப் பாடல். இது கொஞ்சம் விரிவா பேச வேண்டிய விஷயம், நம்ம கொயர்கள் ரொம்ப அலட்சியம் பண்றதும் இதைத்தான். முதல் வாசகம் முடிஞ்சதும் தியானப் பாட்டுன்னு கையில கிடைச்ச ஒரு பாட்டை பாடுற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு. விதிமுறை 61 தெளிவா சொல்லுது, சங்கீதத்துக்கு பதிலா வேற பாட்டோ கீதமோ போடக்கூடாது. ஏன்னா அது இடைவேளைப் பாட்டு இல்ல, அதுவே இறைவார்த்தை, முதல் வாசகத்துக்கு கூட்டம் கொடுக்கிற பதில், சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், அர்த்தமே அதுதான். அதைப் பாடுறவர் கொயர்ல ஒருத்தர்ங்கறதை விட ஒரு வாசகர் மாதிரி, வாசக மேடையில நின்னு பாடலாம்.

ஆனா ஃபாதர் "சங்கீதம் பாடுங்க"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு போயிட்டா கொயர் என்ன பண்ணும்? ஒவ்வொரு வாரமும் சங்கீதம் மாறும், வரி நீளம் ஒண்ணு ரெண்டு வார்த்தையில இருந்து பத்து வார்த்தை வரை போகும், தாளத்துல உட்காரவே உட்காராது. இங்கதான் நம்ம கையிலயே ஒரு வழி இருக்கு, யாரும் யோசிக்கிறதில்ல. விருத்தம். கச்சேரியில தாளம் இல்லாம ராகத்துல வார்த்தையை நிறுத்தி நிறுத்தி பாடுவாங்க இல்ல, சங்கீதத்தோட அடிகளுக்கு அப்படியே பொருந்தும். வார்த்தை தெளிவா விழும், வரி எவ்வளவு நீளமா இருந்தாலும் கவலையில்ல. மக்களோட பல்லவி வரி மட்டும் தாளத்துல, ஒரே வரி, மோகனம் மாதிரி அஞ்சு ஸ்வர ராகம்னா ரெண்டு தடவ கேட்டதும் பாட்டியம்மா கூட பிடிச்சுக்குவாங்க. தவக்காலத்துக்கு சிவரஞ்சனி, சுபபந்துவராளி. ராகம் தெரிஞ்ச ஒருத்தர் கொயர்ல இருந்தா போதும், ஸ்வரம் எழுதற வேலை கூட கிடையாது. தபேலாவை பல்லவிக்கு மட்டும் சேர்த்துக்கிட்டு அடிகளுக்கு நிறுத்திடுங்க, சுருதி மட்டும் ஓடட்டும். நாங்க இதை ஆரம்பிச்சப்போ முதல் சில வாரம் கூட்டம் முழிச்சுது, அப்புறம் பல்லவியை எங்களை விட சத்தமா பாட ஆரம்பிச்சாங்க.

சினிமா மெட்டு. இதுல ரெண்டு பக்கமும் சரித்திரத்தை இழுப்பாங்க. 15, 16ஆம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல "ஆயுதம் தரித்த மனிதன்"னு பக்திப் பாட்டே இல்லாத ஒரு பிரெஞ்சுப் பாட்டோட மெட்டை வச்சு 40க்கு மேல திருப்பலி இசை அமைச்சிருக்காங்க, கோவில் இசைக்குப் பேர்போன இத்தாலி இசையமைப்பாளர் பாலஸ்திரினாவே அமைச்சிருக்கார். ஆக மெட்டு வெளியில இருந்து வந்ததே பாவம்னு சொல்ல முடியாது. அதே சமயம் 1562ல திரெந்து பொதுச்சங்கம் காமமோ அசுத்தமோ கலந்த இசையை கோவிலை விட்டு விலக்கணும்னு ஆணை போட்டுச்சு. பாலஸ்திரினாவோட ஒரு திருப்பலி இசையைக் கேட்டுதான் பல குரல் இசை தடைல இருந்து தப்பிச்சுதுன்னு ஒரு கதை உண்டு, கேட்க நல்லா இருக்கும், ஆனா அது கதைதான். நம்ம விஷயத்துக்கு வந்தா, அந்த பழைய மெட்டு பல குரலுக்கு நடுவுல புதைஞ்சு கிடக்கும், பாடத் தெரிஞ்சவனுக்குத்தான் தெரியும். இங்க காணிக்கை பாட்டு முதல் வரி ஆரம்பிச்ச உடனே பின் பெஞ்சுல இருக்கிற பையன் ஹீரோயினை நெனச்சு சிரிக்கிறான். அது யாருக்கும் ஜெபமா போகாது. காப்பிரைட்ங்கறது தனிக் கதை. இன்னொண்ணு, சினிமா மெட்டு பெரும்பாலும் ஒரு பின்னணிப் பாடகரோட தனிக் குரலுக்குன்னே போட்டது, ரேஞ்சு அகலம், சங்கதி அதிகம், ஐநூறு பேர் சேர்ந்து பாட முடியாது. எனக்கு இந்த காரணம்தான் பெருசா படுது.

கோவில் மெட்டுன்னு வரும்போது நம்மகிட்ட இல்லாம இல்ல. மிஷன் நாடுகள்ல அந்த ஜனங்களோட சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பு கொடுக்கணும்னு சங்கமே 119ஆம் எண்ல சொல்லியிருக்கு. கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) 19ஆம் நூற்றாண்டுலயே கீர்த்தனைகள் எழுதினார், அதை கச்சேரி மேடையில பாடுறாங்க, எங்க பக்கத்து கோவில்கள்ல நான் கேட்டதில்ல! திருச்சியில 1977ல தொடங்கின கலைக்காவிரி மாதிரி இடங்கள்ல இருந்து வந்த பரதமும் கர்நாடக இசையும் இருக்கு. பல்லவி சரணம்ங்கற நம்ம அமைப்பே வழிபாட்டுக்குன்னு செஞ்ச மாதிரிதான், பல்லவி ஜனங்களுக்கு, சரணம் கொயருக்கு. அதை விட்டுட்டு கிறிஸ்தவ ஆல்பத்துல ஒரு பெரிய பாடகர் பாடினதை ஒரு சங்கதி விடாம காப்பி அடிக்கப் போறதுதான் வினையே.

ரிதம் பேட். இங்க ஃபாதருக்கு ஆதரவா ஒரு பழைய ஆவணம் இருக்கு, ஒருவேளை அதைத்தான் நெனச்சு பேசுறாரோ என்னவோ. 1903 நவம்பர் 22, பாடகர்களோட பாதுகாவலி புனித செசிலியா திருநாள் அன்னிக்கு திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் (பயஸ்) திருஇசை பத்தி ஒரு ஆணை கொடுத்தார், அதுல முரசு, ஜால்ரா மாதிரியானதை தடை பண்ணினார். ஆனா அதே வரியில பியானோவும் தடை! இன்னிக்கு நம்ம கீபோர்டை ஆன் பண்ணின உடனே வர்ற முதல் சவுண்டே பியானோதான். அதே ஆணையில பாடகர் குழு திருப்பணி சார்ந்தது, அதனால பெண்கள் அதுல பாடக்கூடாதுன்னும் இருந்துச்சு. 1955ல பன்னிரண்டாம் பத்திநாதர் நிபந்தனையோட தளர்த்தினார். பெண்கள் இல்லன்னா தமிழ்நாட்டுல முக்கால்வாசி கொயர் ஒரே நாள்ல மூடிரும். ஆக 1903ஐ பாதி எடுத்து பாதி விட முடியாது. 1963ல சங்கம் 120ஆம் எண்ல குழாய் ஆர்கனுக்கு தனி மதிப்புன்னு சொல்லிட்டு, மத்த வாத்தியங்களும் வழிபாட்டுக்கு ஏத்ததா இருந்தா, ஆயர்களோட ஒப்புதலோட சேர்க்கலாம்னு திறந்து விட்டுச்சு. தபேலா, மிருதங்கம், சில பங்குகள்ல காணிக்கை பவனிக்கு பறை, எல்லாம் அந்த வாசல் வழியா வந்ததுதான். ஒரு காலத்துல சாவு வீட்டு வாத்தியம்னு ஒதுக்கின பறை பீடத்துக்கு முன்னாடி ஒலிக்கிறதை நான் குறையா பார்க்கல.

அதனால பேட் சட்டவிரோதம் இல்ல. ஆனா பேட்ல அடிக்கிற தம்பி டான்ஸ் பீட்டை ஃபுல் வால்யூம்ல விட்டா எந்த ஃபாதருக்கும் கோவம் வரும். கீபோர்டுல ஸ்டைலை ஆன் பண்ணி விட்டுட்டு கைய கட்டிக்கிட்டு நிக்கிறதை விட தபேலா வாசிக்கிற ஒரு மனுஷன் எவ்வளவோ மேல், அவன் கூட்டம் மெதுவா போனா தானும் மெதுவா போவான், மெஷின் போகாது. பென் டிரைவ்ல டிராக் போட்டு பாடுறது இன்னும் மோசம், வழிபாட்டுல பதிவு செஞ்ச இசை கூடாதுன்னு 1958லயே உரோமை சொல்லிருச்சு.

இப்போ உங்க பக்கம் பார்க்க வேண்டிய ஒண்ணு, ஃபாதர் சொல்லாதது. ஜனங்க வாயைத் திறக்கிறாங்களா? மூசிக்காம் சாக்ரம் 16ஆம் எண்ல, மக்களோட பங்கு முழுசையும் கொயரே எடுத்துக்கிட்டு மக்களை ஒரேயடியா ஒதுக்கிடறது ஏத்துக்க முடியாததுன்னு இருக்கு. கேட்டு தியானிக்கிறதும் பங்கேற்புதான்னு 15ஆம் எண் சொல்லுது, அதனால கொயர் மட்டும் பாடுற பாட்டு ஒண்ணு திருவிருந்துக்கு அப்புறம் இருக்கலாம், நல்லதும் கூட. ஆனா அஞ்சு பாட்டுமே அப்படின்னா?

வாயைத் திறக்காததுக்கு பாதி காரணம் சுருதி. கொயர்ல பாடுற அக்காமாருக்கு அஞ்சரை கட்டை ஆறு கட்டை சுகமா இருக்கும், கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பட்டனை ஏத்திக்கிட்டே போவார், பாட்டும் ஜிவ்வுன்னு இருக்கும், பெஞ்சுல இருக்கிற ஆம்பளைங்க அனுபல்லவியிலயே நிறுத்திடுவாங்க. பாட்டோட உச்ச ஸ்வரம் மேல் டியை தாண்டாம பார்த்து இறக்குங்க. அடுத்து மைக். கொயர்ல எட்டு பேருக்கு எட்டு மைக், ஸ்பீக்கர் ஜனங்க தலைக்கு மேல, தன் குரல் தனக்கே கேட்கலன்னா எவன் பாடுவான்? பல்லவியில மைக்கை விட்டு ஒரு அடி பின்னால வாங்க. கொயர் நிக்கிற இடமும் கூட்டத்துல ஒரு பகுதிதான்னு தெரியற மாதிரி இருக்கணும்னு விதிமுறை 312 சொல்லுது, பீடத்துக்கு பக்கத்துல மேடை போட்டு ஜனங்களைப் பார்த்து நின்னா அது தெரியுமா?

அப்புறம் நேரம். காணிக்கைப் பாட்டு ஃபாதர் கை கழுவுற வரைக்கும்தான், மூணாவது சரணம் மிச்சமிருக்குன்னு அவரை நிக்க வைக்காதீங்க. திருவிருந்துப் பாட்டு குரு நன்மை (நற்கருணை) வாங்கும்போதே ஆரம்பிக்கணும். கொயரும் நிதானமா நன்மை வாங்க வழி பண்ணுங்க. பிரசங்க நேரத்துல அடுத்த பாட்டோட கார்டை போன்ல தேடுறது, பக்கம் திருப்புறது, கண்ணைக் காட்டிக்கிறது, இதெல்லாம் நாம நெனக்கிறதை விட பெஞ்சுல இருக்கிறவங்களுக்கு நல்லாவே தெரியுது.

தேர்பவனி, கொடியேற்றம், நவநாள், ஜெபமாலை இதுக்கெல்லாம் இந்த கெடுபிடி இல்லைங்கறதையும் ஃபாதர்கிட்ட பேசும்போது ஞாபகம் வச்சுக்கோங்க. அது பக்தி முயற்சி, அங்க பேண்டு செட்டு, பழைய மாதா பாட்டு, உங்க பேட் எல்லாத்துக்கும் இடம் உண்டு. சமாதானப் பாட்டுல ஜனங்களுக்கு பிடிச்சதை எடுத்து நவநாளுக்கு நகர்த்திடலாம், யாருக்கும் இழப்பு இருக்காது.

நானா இருந்தா ஃபாதர்கிட்ட இப்படி பேசுவேன்: சமாதானப் பாட்டு, எழுந்தேற்ற மியூசிக், சினிமா மெட்டு மூணையும் இந்த வாரமே நிறுத்திடறோம் ஃபாதர், பதிலுரைப் பாடலுக்கு ஒரு ஆளைத் தயார் பண்ண ரெண்டு மாசம் டைம் கொடுங்க, பேடுக்கு பதிலா தபேலா வச்சுக்கறோம், நீங்க தொடக்கவுரை உரையாடலையும் பரலோக மந்திரத்தையும் எங்களோட சேர்ந்து பாடுங்க, சனிக்கிழமை பிராக்டிஸுக்கு பத்து நிமிஷம் வாங்க. கோவிச்சுக்கிட்டு போனவங்க வீட்டுக்கு கொயர் லீடரோட அவரும் ஒரு நடை போயிட்டு வந்தா இன்னும் நல்லது, பாதிப்பேருக்கு கோவம் சட்டத்து மேல இல்ல, பலிபீட அறிக்கை நேரத்துல எல்லார் முன்னாடியும் சொன்னாரேங்கறதுலதான் இருக்கும்.